மர்யம் கனி வீட்டு ஊத்

நடந்ததா இல்லையா என்ற சண்டையைக் கதை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், இப்போது கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் வலங்கரைப்பட்டினத்தில், முத்து எடுத்து முத்து விற்று முத்தைப் பற்றியே பேசிப் பேசி ஓய்ந்துபோன அந்தக் கடற்கரை ஊரில், மர்யம் கனி வீட்டுச் சுவரில் ஒரு ஊத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள அத்தனை பேருடைய களைப்பும் அதன் வயிற்றுக்குள் இருந்தது.

ஊத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அது அரபு நாட்டு வாத்தியம். நெடுக்காகப் பிளந்த பேரிக்காய் மாதிரி வயிறு, அதை மூடிய தட்டையான முகப்பலகை, பலகையில் பூவேலை செய்த ஒரு ஓட்டை, குட்டைக் கழுத்து, அந்தக் கழுத்தின் முனை பின்னால் மடங்கி, கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட சம்பந்தியம்மா மாதிரி இருக்கும். மர்யம் கனியின் வாப்பா சேகு நூர்தீன் மரைக்காயர் பஸ்ராவில் பேரீச்சம்பழ மண்டியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்த இடத்தில் இதைக் கொண்டுவந்தார். அதற்காக அவர் பெண்சாதி தான் மவுத்தாகும் நாள்வரை அவருக்குச் சோறு போட்டாளே தவிரக் குழம்பு ஊற்றவில்லை என்பார்கள். மனுஷர் வெறுஞ்சோற்றைத் தின்றுவிட்டு மதியவெயிலில் உட்கார்ந்து வாசிப்பார். அவரும் போன பிறகு அது சுவரில் ஆணிக்குப் போய்விட்டது, வீட்டில் மர்யம் கனி மட்டும் மிஞ்சினாள்.

ஒருநாள் மீன்காரி சவரியம்மாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, தண்ணீர் கேட்டு, கொண்டுவருவதற்குள் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்து, தெரியாமல் அந்த ஊத்தின் முகப்பலகையில் கையை வைத்தபடி கண்ணை மூடினாள். திறந்தபோது அவளுக்குத் தோள்பட்டை வலிக்கவில்லை, முதுகு வலிக்கவில்லை, பதினைந்து வயதில் முதல் கூடை தூக்கிய நாளிலிருந்து சேர்ந்த அலுப்பு ஒரு பொட்டுக்கூட உடம்பில் இல்லை. ஊத்தின் தந்திகள் மட்டும் ஈரத்துணி காயப்போட்ட கொடிபோலத் தொய்ந்து கிடந்தன. மர்யம் கனி தண்ணீர்ச் செம்போடு நின்று பார்த்தாள். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, வாப்பா செய்ததைப் பார்த்துப் பழகிய கையால், கழுத்து முனையில் இருக்கும் பிரடைகளை ஒவ்வொன்றாக முறுக்கித் தந்திகளைப் பழைய சுருதிக்குக் கொண்டுவந்தாள். தொய்ந்த தந்தி களைப்பைப் பிடித்துவைக்காது, கசியவிட்டுவிடும் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. பாலைக் காய்ச்சினால் பொங்கும் என்பது எப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்கிறோமா.

மறுநாள் சவரியம்மாள் தன் நாத்தனாரைக் கூட்டிவந்தாள். அதற்கடுத்த நாள் வலைக்காரர்கள் வந்தார்கள், பிறகு உப்பளத்துக்காரர்கள், பிள்ளை பெற்றவர்கள், பெறாமல் பேச்சுக்கேட்டு அலுத்தவர்கள், பஸ் டிரைவர், தேர்தலில் நின்று தோற்றவர், ஜெயித்தவர். வாத்தியம் தொடலாமா கூடாதா என்று ஒரு பேச்சு கிளம்பியது. பள்ளிவாசலில் தொழவைக்கும் முக்தார் லெப்பை இரண்டு வெள்ளிக்கிழமை யோசித்துவிட்டு, "தொழுது வந்த களைப்பை மட்டும் அதுல வைக்காதீங்க, அதுக்கு மேலே கூலி இருக்கு. மத்தது உங்க பாடு" என்று சொல்லி, அந்தப் பிரச்சினையை யோசித்த களைப்பை வைக்க அன்றைக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். தந்திகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருந்ததால் தெருவுக்கு ஒரு ஜோடி என்று பிரித்துக்கொண்டார்கள். மேலத்தெருவின் களைப்பும் கடற்கரைத் தெருவின் களைப்பும் ஒரே தந்தியில் படலாமா என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது, அது வேறு கதை, அசிங்கமான கதை, விடுங்கள்.

களைப்பு போனதும் ஊர் மாறியது. தேநீர்க்கடை பெஞ்சுகளில் உட்கார ஆளில்லாமல் அவற்றை விறகுக்குப் பிளந்தார்கள். மதியத் தூக்கம் ஒழிந்தது, பிறகு ராத்தூக்கமும் ஒழிந்தது, களைக்காதவனுக்குத் தூக்கம் எதற்கு. கட்டின வீட்டுக்கு மேல் வீடு கட்டினார்கள், யார் குடியிருக்க என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மேடையில் ஏறியவன் இறங்கவில்லை, அவன் பேச்சைக் கேட்டவர்களும் எழுந்து போகவில்லை. பாவா பகுருதீனும் அவன் தம்பி பாவா மைதீனும் நடுச்சுவர் யாருக்கு என்று ஒரு நோன்புப் பெருநாளன்று தொடங்கிய வாக்குவாதம் அடுத்த நோன்புப் பெருநாளைத் தாண்டியும் விட்ட இடத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. சாதாரண ஊர்களில் சண்டைகள் நியாயத்தால் முடிவதில்லை, அலுப்பால்தான் முடிகின்றன என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மர்யம் கனி மட்டும் களைத்தாள். ஒருவர் எழுந்துபோனதும் தந்திகள் தொய்யும், அடுத்தவர் உட்காருவதற்குள் அவள் முறுக்க வேண்டும், சுருதி சேர்க்க வேண்டும், பிரடை வழுக்கினால் சுண்ணாம்புக்கட்டி தேய்த்து மறுபடி முறுக்க வேண்டும். தூங்காத ஊர் எந்த நேரத்திலும் கதவைத் தட்டும். அவளுடையதை அதில் வைக்கவும் வழியில்லை. முறுக்குகிற கையால் எதையும் இறக்கிவைக்க முடியாது, அது அந்த ஊத்தின் குணம். வேறொருவர் முறுக்கினால் அவள் வைக்கலாம். ஆனால் முறுக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று ஊரில் ஒருவரும் வரவில்லை, நானும் போகவில்லை, நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவள் என்னிடம் சொன்னாள், "மாமா, இதை வித்துடப்போறேன். பினாங்குலேருந்து ஒருத்தர் பார்க்க வாறாரு. துண்டு பிடிக்க நீங்க வரணும்."

"வித்துட்டு என்னம்மா பண்ணப்போறே? ஹஜ்ஜுக்குப் போறியா, வீடு கட்டப்போறியா?"

"தூங்கப்போறேன்" என்றாள். அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பில்லை.

சேதி பரவியது, நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். ஊர் கூடி நின்றபடியே பேசியது. வருகிறவரிடம் அந்த ஊத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை யாரும் சொல்லக்கூடாது, ஆளுக்கொரு குற்றம் சொல்லி அவர் மனதை உடைத்து அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிடுவது என்று முடிவானது. எங்களுக்குத் தோன்றக்கூடிய யோசனை அது ஒன்றுதான், அதில்தான் மாட்டிக்கொண்டோம். முத்து வியாபாரம் பார்த்த எங்கள் ஊரில் பொருளைப் பழிப்பவன் ஒரே ஒருவன்தான், அதை வாங்க ஆசைப்பட்டு உள்ளுக்குள் துடிப்பவன். வேண்டாதவன் "மாஷா அல்லாஹ், அருமையான முத்து" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவான். இது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்யும்போது நினைவிருக்க வேண்டுமே.

பினாங்குக்காரர் சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார். பெயர் நஜ்முத்தீன், நாற்பதைத் தாண்டியவர், கல்யாண வீடுகளில் ஊத் வாசிப்பவர், பழைய ஊத்களை வாங்கிச் சரிசெய்பவர். அவருடைய உம்மாவின் உம்மா எங்கள் கரைக்காரி என்பதை அவர் பிறகுதான் சொன்னார். ஒரு சின்ன டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போல நீளக் காம்பு வைத்த கண்ணாடி, ஒரு நூல்கண்டு, இவ்வளவுதான் அவர் கொண்டுவந்தது. கூடம் நிறைய ஆள், வாசல் நிறைய ஆள், ஜன்னல்கம்பி ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு முகம்.

ஊத்தை ஆணியிலிருந்து எடுத்தவர் ஒரு கணம் தடுமாறி, மடியில் வைத்துக்கொண்டு, "என்ன லாத்தா, உள்ளே செங்கல்லு வச்சிருக்கீங்களா?" என்றார். எங்கள் பக்கம் அக்காளை லாத்தா என்போம், அண்ணனைக் காக்கா என்போம், பினாங்கிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

மர்யம் கனி, "ஊரை வச்சிருக்கேன் தம்பி" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஊத் வாங்குகிறவர்கள் ஆச்சரியப்பட்டால் விலை ஏறிவிடும்.

"கழுத்து வளைஞ்சு போச்சுங்க" என்று ஜன்னலிலிருந்து பகுருதீன் ஆரம்பித்தான்.

"முகப்பலகை குழிஞ்சு கிடக்கு" என்றான் மைதீன். அண்ணன் தம்பி ஒத்துப்பேசியது அந்த வருஷத்திலேயே அது ஒரு தடவைதான்.

"பூச்சி அரிச்சிருக்கும், உள்ளே."

"பிரடை நிக்காது."

"சத்தமே செத்துப்போச்சு காக்கா, எருமைத்தோல் மாதிரி."

"இதை வாங்குறதுக்கு அங்கேயே ஒரு பூசணிக்காயை வாங்கி நூலைக் கட்டிடலாம்" என்று முக்தார் லெப்பை சொன்னார், ஊர் ஆமோதித்தது.

நஜ்முத்தீன் சிரிக்கவில்லை, மீசையை மட்டும் ஒதுக்கிக்கொண்டார். "இவ்வளவு பேருக்கு இதுமேல ஆசையா" என்றார் மெதுவாக. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

பிறகு அவர் பார்க்க ஆரம்பித்தார். நான் எத்தனையோ பேர் எத்தனையோ பொருளைப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன், மாட்டுக்குப் பல் பார்ப்பதை, பெண்ணுக்கு நடை பார்ப்பதை, முத்துக்கு நீரோட்டம் பார்ப்பதை. இப்படிப் பார்த்ததில்லை. முதலில் ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். உள்ளே ஒட்டியிருந்த பஸ்ராக் கடைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "சீட்டை யார் வேணா அச்சடிச்சு ஒட்டலாம், அதை விடுங்க" என்றார். மூக்கை வைத்து மோந்தார். "பழைய வஜ்ஜிரப் பசை. மாட்டுத்தோல் காய்ச்சி எடுத்தது. நடுவுல யாரும் பிரிச்சு ஒட்டல." ஊத்தைக் கவிழ்த்து வயிற்றைத் தடவினார். நீளநீளமான மெல்லிய வாதுமைப் பட்டைகளை வளைத்து வளைத்து ஒட்டிச் செய்த வயிறு அது. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் மயிரிழை கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. "இந்தக் கோடு அடிவரைக்கும் ஒரே கனம். கடைசியில எல்லாம் ஒரே புள்ளியில வந்து விழுது பாருங்க. அவசரக்காரன் அந்தப் புள்ளியை ஒரு தகடு வச்சு மறைச்சிருவான். இவன் மறைக்கல." பூவேலையின் அடிப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தார். "கையால அறுத்தது. இதோ இந்த இதழ்ல வாள் ஒரு நூல் தப்பியிருக்கு. தப்பினதை அடுத்த இதழ்ல சரிக்கட்டியிருக்கான்." அதைச் சொல்லும்போது குரல் தணிந்தது.

பிறகு ஊத்தின் முகத்தைத் திருப்பி, நூலைக் கழுத்து முனையிலிருந்து, பலகையில் தந்திகள் வந்து முடியும் குதிரைவரை இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முகம் மாறியது. ஊத்தைக் காதோரம் தூக்கி, பட்டைகளை விரல்முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"இது யாருது? தலையில சுமக்கிறவங்களா?"

"என்னுது" என்றாள் சவரியம்மாள்.

அடுத்த பட்டை. "இது விடியுமுன்னே எந்திரிச்சு எந்திரிச்சு வந்தது."

கடற்கரைத் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது ஒரு மகனை எதிர்பார்த்து எதிர்பார்த்து." ஜன்னலில் ஒரு முகம் விலகிக்கொண்டது.

"இது பொய் சொல்லிச் சொல்லி வந்த அலுப்பு. நிறைய இருக்கு, ரெண்டு பட்டைக்கு."

கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேலே உத்தரத்தில் பல்லி ஏதாவது போகிறதா என்று பார்த்தேன்.

தட்டித் தட்டி ஒரு சுற்று முடிந்ததும் அவர் ஊத்தை மடியில் மல்லாத்தினார். "வேலைப்பாட்டைச் சொல்லணும்னா, இது மாதிரி நான் இன்னொண்ணு பார்த்ததில்ல. இப்ப இருக்கிற நெலையைச் சொல்லணும்னா, கழுத்து முன்னாடி சாஞ்சிருச்சு, தந்தி பலகையை விட்டு இவ்வளவு மேலே நிக்குது, பலகை குதிரைக்கு முன்னால உள்வாங்கிருச்சு, உள்ளே தாங்குற கட்டையில ரெண்டு விட்டுருச்சு. எப்பவும் இழுத்துக் கட்டியே வச்சா இப்படித்தான் ஆகும். இன்னும் ரெண்டு மூணு மாசம், அதுக்குமேல தாங்காது. பிளந்துரும்."

"பிளந்தா?" என்றார் லெப்பை.

"உள்ளே இருக்கிறது அத்தனையும் ஒண்ணா வெளியே வரும். அந்த நேரம் யார் கையில இருக்கோ அவங்க மேல."

அது எப்போதும் யார் கையில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மர்யம் கனி அதைக் கேட்டும் அசையவில்லை, சுவரில் சாய்ந்து, தோலுரித்த வெங்காயம்போலச் சிவந்த கண்களால் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைதீன்தான் முதலில் பேசினான். "ரெண்டு மாசம் இருக்குல்ல. அதுவரைக்கும் ஆளுக்குக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கலாமே."

"பெரிய களைப்பை மட்டும் வைக்கலாம்" என்றான் பகுருதீன்.

"எது பெருசுன்னு யார் சொல்றது? உனக்குச் சும்மா நிக்கிறதே பெருசு."

அவர்கள் மறுபடி கிளம்பிவிட்டார்கள். லெப்பை நடுவில் புகுந்தார், உப்பளத்துக்காரர் ஒருவர் வெளியிலிருந்து ஏதோ சொன்னார், குறைத்து வைப்பதற்கு ஒரு குழு போடலாமா என்ற யோசனைவரை போனது. நஜ்முத்தீன் என்னைப் பார்த்து, "துண்டு இருக்கா மாமா?" என்றார்.

எங்கள் ஊரில் விலை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும், விரலைப் பிடித்தும் மடக்கியும் உள்ளேயே பேசி முடிப்பார்கள். பெண்பிள்ளை விற்றால் கைக்குக் கை படாமல் ஒரு மூங்கில் குச்சியின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு அழுத்தத்திலேயே பேசுவது வழக்கம். நான் துண்டை விரித்துப் பிடித்தேன். குச்சி உள்ளே போனது. வெளியே சண்டை, துண்டுக்குமேல் அமைதி. என்ன பேசினார்கள் என்று என்னைக் கேட்கக்கூடாது. ஆனால் பிடித்தவன் கைக்குக் கொஞ்சம் தெரியும். குச்சி ஒரே ஒருமுறைதான் அசைந்தது, அவர் பக்கமிருந்து. அவள் பேரம் பேசவே இல்லை.

"முடிஞ்சது" என்றார் அவர். கூடம் சண்டையை நிறுத்தித் திரும்பியது. "ஆனா இப்படியே தூக்கிட்டுப் போக முடியாது. வழியில கழுத்து முறிஞ்சிரும். தந்தியை இங்கேயே தளர்த்திட்டுத்தான் எடுக்கணும். தளர்த்தினா அவங்கவங்களுது அவங்கவங்ககிட்ட வந்துரும். சொல்லிட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ வாய்கள் திறந்தன. வாசலைப் பத்துப் பேர் மறித்துக்கொண்டு நின்றார்கள், களைக்காத ஆட்கள், ஒரு மாமாங்கம் நிற்கக்கூடியவர்கள். அப்போது சவரியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்து, ஊத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, தலையில் கூடை ஏற்றிக்கொள்ளத் தயாராகிறவள்போல இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"மொதல்ல வச்சது நான். மொதல்ல எனக்குக் குடு, தம்பி. என் கூடையை நான் தூக்காம அந்தப் புள்ளையா தூக்கும்."

நஜ்முத்தீன் பிரடையைத் திருப்பினார், கால் சுற்றுதான். சவரியம்மாளின் கழுத்து ஒரு விரல் கீழே இறங்கியது. "ஆங்" என்றாள், நெடுநாள் கழித்து ஊருக்கு வந்த தங்கச்சியைப் பார்த்ததுபோல. "இதுதான். இதே எடைதான்."

அவர் எந்தத் தந்தியையும் ஒரேயடியாக அவிழ்க்கவில்லை, பலகை திடுக்கிடும் என்றார். எல்லா ஜோடியையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி வந்து, கால் சுற்று, மறுபடி கால் சுற்று என்று தளர்த்தினார். தளரத் தளரக் கடற்கரைத் தெருவுக்கு விடியற்காலைகள் திரும்பி வந்தன, உப்பளத்துக்காரர்களுக்குக் குதிகால் திரும்பி வந்தது, பிள்ளை பெற்றவர்களுக்கு இடுப்பு திரும்பி வந்தது, மேடையில் இருந்தவன் வாக்கியத்தின் நடுவில் மைக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்தான், கேட்டவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சரிந்தார்கள். பஸ் நடுரோட்டில் நின்றது, டிரைவர் ஸ்டீயரிங்கின் மேல் கன்னத்தை வைத்தார். வாசலை மறித்தவர்கள் நின்ற இடத்திலேயே மடிந்து ஒரு மூட்டைக் குவியலானார்கள். "சுவரு ஒனக்குத்தான், எடுத்துக்கோ" என்று பகுருதீன் சொன்னான், "நீயே வச்சுக்க, எனக்குக் கண்ணு சொருகுது" என்று மைதீன் சொன்னான், இரண்டு பேரும் அந்த நடுச்சுவரில் முதுகுக்கு முதுகாகச் சாய்வதற்காகக் கைத்தாங்கலாகக் கிளம்பிப் பாதிவழியில் படுத்தார்கள். முக்தார் லெப்பை "அல்ஹம்துலில்லாஹ்" என்று தொடங்கி முடிக்கவில்லை. என்னுடையது வந்தபோது எனக்குத் தாடை வலித்தது, நாக்கு ஈயம்போலக் கனத்தது. நான் கையிலிருந்த துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் கன்னத்தைப் பதித்தேன்.

கண்ணின் ஓரம் மட்டும் திறந்திருந்தது. ஜோடித் தந்திகள் அத்தனையும் தொய்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு தடித்த தந்தி, ஜோடியில்லாதது, அது மட்டும் விறைப்பாக நின்றது. நஜ்முத்தீன் அதை ஒருமுறை மீட்டினார். அந்த ஊத்திலிருந்து அன்று வந்த ஒரே நாதம் அதுதான், வெறும் வீட்டில் யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையே லாத்தா."

"இதை யாரையும் தொடவிடல" என்றாள் மர்யம் கனி. "எனக்குன்னு வச்சிருந்தேன்."

அவர் புரிந்துகொண்டார். பிரடையைத் தன் விரல்களில் பிடித்துக்கொண்டார். "இப்ப நான் முறுக்கிப் பிடிச்சுக்கிறேன். நீங்க கையை வையுங்க. உங்களுதை நான் பினாங்குக்குக் கொண்டுட்டுப் போயிடறேன். ஒரு தந்தியை அது தாங்கும்."

அவள் கையை முகப்பலகைவரை கொண்டுபோனாள். விரல்நுனிகள் தந்தியின் காய்ப்பு ஏறிக் கறுத்திருந்தன. வைக்கப்போனவள் வைக்கவில்லை. சுற்றிக் கிடந்த எங்களை ஒருமுறை பார்த்தாள், வாய் திறந்து கிடந்த லெப்பையை, கைகளை இன்னும் தலைக்குமேல் மடக்கியபடியே உறங்கிப்போன சவரியம்மாளை, என்னை.

"வேணாம் தம்பி" என்றாள். "அதையும் குடுத்துட்டா நான் எதை வச்சுத் தூங்குறது?"

முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, எனக்கும் சவரியம்மாளுக்கும் நடுவில் கிடந்த ஒரு முழ இடத்தில் சுருண்டு படுத்தாள். நஜ்முத்தீன் கடைசித் தந்தியை எப்போது தளர்த்தினார், இலவம்பஞ்சாகிவிட்ட அந்த ஊத்தைத் தூக்கிக்கொண்டு தூங்குகிறவர்களை மிதிக்காமல் எப்படி வெளியேறினார், ஓட்ட ஆளில்லாத பஸ்ஸில் எப்படிப் போனார் என்பதையெல்லாம் நான் பார்க்கவில்லை. பார்த்ததாக இப்போது சொல்லலாம், மறுத்துச் சொல்ல ஊரில் ஒருவரும் விழித்திருக்கவில்லை. ஆனால் மர்யம் கனி படுத்த மாத்திரத்தில் குறட்டை விட்டாள், அது மட்டும் சத்தியம், அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கினேன்.